சாராயமும் அருவியும் போக மிச்சம்

1976ஆம் ஆண்டு இரண்டு காரியங்கள் நடந்தன. ஒன்றுக்கொன்று நேரடி சம்பந்தம் கிடையாது.

முதலாவது, கல்வராயன் மலை அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்தது. ஆமாம், 1976இல்தான். அதுவரை மலை மூன்று ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் என்று மூன்று ஜாகீர்கள். கிருஷ்ணதேவராயர் கொடுத்த உரிமை என்று வழிவழியாகச் சொல்வார்கள். 1947இல் சுதந்திரம் வந்தது. 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. மலையில் மட்டும் ஜாகீர் அப்படியே நீடித்தது. நாட்டில் நெருக்கடி நிலை, தமிழ்நாட்டில் ஜனாதிபதி ஆட்சி என்றிருந்த வருஷத்தில்தான் அது முடிவுக்கு வந்தது.

இரண்டாவது, அதே வருஷம் ஏப்ரல் 1ஆம் தேதி தூர்தர்ஷன் அகில இந்திய வானொலியிலிருந்து பிரிந்து தனி அமைப்பானது. சென்னைத் தொலைக்காட்சி நிலையத்துக்கு அப்போது ஒரு வயசுகூட ஆகவில்லை. அது தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு காரணம் உண்டு. அரசாங்கத்தின் தாசில்தாரும் அரசாங்கத்தின் கேமராவும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் இந்தப் பக்கம் கிளம்பியிருக்க வேண்டியவர்கள். தாசில்தார் தாமதமாகவாவது வந்து சேர்ந்தார். வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்டு இன்று கல்வராயன் மலைக்கே தனி வட்டம் இருக்கிறது. கேமராவின் கதை வேறு. பொதுப் பணத்தில் நடக்கும் தொலைக்காட்சி ஓர் ஊரின் வரலாற்றுக்கு என்ன செய்யலாம், என்ன செய்தது, என்ன பாக்கி வைத்திருக்கிறது என்பதைக் கச்சிராயபாளையத்தில் நின்றுகொண்டு பார்க்கும் முயற்சி இது.

அடிவாரத்து ஊர்

கச்சிராயபாளையம் மலைக்கு வாசற்படி மாதிரி. கள்ளக்குறிச்சியிலிருந்து வரும் சாலை இந்த ஊரைத் தாண்டித்தான் வெள்ளிமலைக்கு ஏறுகிறது. பக்கத்தில் கோமுகி அணை. கரும்பு போடுகிறவர்களுக்குக் கள்ளக்குறிச்சி-2 கூட்டுறவு சர்க்கரை ஆலை. மலைச்சனங்கள் கடுக்காய், புளி, சாமை, பலாப்பழம் என்று கீழே இறக்கிக்கொண்டு வந்து, உப்பும் துணியும் மருந்தும் வாங்கிக்கொண்டு மேலே போகிற இடம்.

ஊர்ப் பெயரைப் பிரித்தால் மூன்று துண்டு கிடைக்கும். கச்சி என்பது காஞ்சியின் பழைய பெயர். ராயர் என்பதில் விஜயநகர வாடை அடிக்கும். பாளையம் பாளையக்காரர் காலத்துச் சொல். கச்சிராயர் என்ற பட்டம் கொண்ட பாளையக்காரர்கள் விருத்தாசலம் பக்கம் முகாசாபரூரில் இருந்தார்கள். சுவாரஸ்யம் என்னவென்றால், மலையில் இருக்கும் மலையாளிப் பழங்குடியினரின் பூர்வீகக் கதையும் காஞ்சியிலிருந்துதான் தொடங்குகிறது. (கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் மலையாளி. பேசுவது தமிழ்.) காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பிய அண்ணன் தம்பிகள் மூன்று பேர் ஆளுக்கொரு மலைக்குப் போனார்கள் என்பது அந்தக் கதை. சேர்வராயன், கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் என்று மலைக்கு மலை கொஞ்சம் மாறும். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதி நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

தர்ஸ்டனுக்கு மூன்று வருஷம் முன்னால், 1906இல், டபிள்யூ. பிரான்சிஸ் எழுதிய தென்னாற்காடு கெசட்டியர் வந்தது. 1918இல் ரிச்சர்ட்ஸின் சேலம் கெசட்டியர். இந்த மலையைப் பற்றி எழுத்தில் இருப்பதில் பெரும்பகுதி இப்படிக் கீழேயிருந்து மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்த அதிகாரிகள் எழுதியது. எத்தனை வீடு, எவ்வளவு வரி, எப்பேர்ப்பட்ட காய்ச்சல் என்ற கணக்கு அதில் இருக்கும். மலையில் இருப்பவர் அந்த வரியை எப்படிக் கட்டினார், ஜாகீர்தாரை எப்படிக் கூப்பிட்டார், கல்யாணத்துக்கு யாரிடம் சம்மதம் கேட்டார் என்பதெல்லாம் வாய்வழியாகவே இருந்தது.

வாய்வழியாக மட்டும் இருக்கும் வரலாற்றுக்குக் கேமராவைவிட நல்ல கருவி கிடையாது. எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பேசினால் போதும். குரல், முகம், கை அசைவு, பின்னால் தெரியும் வீட்டின் கூரை, வாசலில் காயும் தானியம் எல்லாம் சேர்ந்து பதிவாகும். 1976இல் இந்த மலைக்கு ஒரு கேமரா போயிருந்தால் ஜாகீர் காலத்தை அனுபவித்த ஒரு முழுத் தலைமுறையே பேசியிருக்கும்.

டெல்லியின் நீட்டிப்பு

தூர்தர்ஷன் கிராமத்தை மறந்துவிட்டது என்று சொன்னால் அது அநியாயம். இந்தியத் தொலைக்காட்சி தொடங்கியதே பாடம் நடத்தத்தான். 1959 செப்டம்பர் 15இல் டெல்லியில் சோதனை ஒளிபரப்பு. 1967 ஜனவரி 26இல் 'கிருஷி தர்ஷன்', டெல்லியைச் சுற்றியுள்ள 80 கிராமங்களுக்கு. 1975 ஆகஸ்ட் 1 முதல் ஒரு வருஷம் நாசாவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளை வாங்கி, ஆறு மாநிலங்களில் 2400 கிராமங்களுக்கு நேரடியாகப் படம் அனுப்பினார்கள். சைட் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அந்தச் சோதனையில் ஆந்திரம், கர்நாடகம் இரண்டும் இருந்தன. தமிழ்நாடு இல்லை.

தமிழில் இதற்கு இணையாக வந்தது சென்னை நிலையத்தின் 'வயலும் வாழ்வும்'. என் வயசுக்காரர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டால் சிரிப்பு வரும். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' எப்போ வரும் என்று உட்கார்ந்திருக்கும்போது, ஒரு வேளாண்மை அதிகாரி நாற்றங்காலுக்குப் பக்கத்தில் நின்று ஏக்கருக்கு எத்தனை கிலோ யூரியா என்று சொல்லிக்கொண்டிருப்பார். எங்கள் ஆயாவுக்கு அவர்மேல் பெரிய மரியாதை இல்லை. "நட்டவனுக்குச் சொல்றாரு, நட்டதே இல்லாதவரு" என்பார்.

ஆனால் இன்று யோசித்தால் அந்த நிகழ்ச்சியின் மதிப்பு அதிகாரி சொன்ன யூரியாக் கணக்கில் இல்லை. அது அவருக்குப் பின்னால் இருந்தது. மாடு பூட்டிய கவலை, கரும்பாலைக் கொட்டகையில் பாகு காய்ச்சும் கொப்பரை, களத்துமேட்டில் தூற்றும் பெண்கள், அவர்கள் கட்டியிருந்த சேலைக்கட்டு, ஒருத்தரையொருத்தர் கூப்பிட்ட முறை. வரலாறு என்று நினைத்து யாரும் அதைப் படமெடுக்கவில்லை. விவசாயம் என்று நினைத்து எடுத்தார்கள். எடுத்ததில் வரலாறு தானாக விழுந்தது. அந்தப் படச்சுருள்களும் டேப்புகளும் இருக்கும் வரைக்கும்தான் இந்தப் பேச்சு. அதற்குப் பிறகு வருகிறேன்.

அடுத்தது 1980கள். 1982 ஆகஸ்ட் 15இல் தேசிய நிகழ்ச்சியும் வண்ண ஒளிபரப்பும் வந்தன. 1984இல் சில மாதங்கள் நாளுக்கு ஒரு ஒளிபரப்பி என்ற வேகத்தில் நாடு முழுக்கக் குறைசக்திக் கோபுரங்கள் எழும்பின. சாதனைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் கோபுரம் என்ன செய்யும்? வானத்திலிருந்து வருவதை வாங்கிச் சுற்றுவட்டாரத்துக்கு வீசும். அவ்வளவுதான். அதில் ஒரு கேமராவை இணைத்து, பக்கத்து ஊர்த் திருவிழாவைக் காட்ட வழி கிடையாது. மென்பொருள் மொழியில் சொன்னால் எல்லாக் கோபுரத்துக்கும் படிக்கும் உரிமை இருந்தது, எழுதும் உரிமை இல்லை. சிற்றூர்கள் இந்தியத் தொலைக்காட்சிக்குள் பார்வையாளராக மட்டுமே சேர்க்கப்பட்டன.

இதை அப்போதே சொன்னவர்கள் இருந்தார்கள். 1982 இறுதியில் சமூகவியலாளர் பி.சி. ஜோஷி தலைமையில் அரசே ஒரு குழு அமைத்தது. 'தொலைக்காட்சிக்கு ஓர் இந்திய ஆளுமை' என்று பொருள்படும் தலைப்பில் அது அறிக்கை கொடுத்தது. எல்லாம் டெல்லியில் குவிவதையும், நகர நடுத்தர வர்க்கத்தின் ரசனையே நாட்டின் ரசனையாகக் காட்டப்படுவதையும் அந்த அறிக்கை கடுமையாக விமர்சித்தது. உள்ளூர்த் தயாரிப்பு வேண்டும் என்றது. அறிக்கை வந்து கொஞ்ச நாளில் 'ஹம் லோக்', 'ராமாயணம்', 'மகாபாரதம்' என்று தேசமே ஒரே நேரத்தில் ஒரே பெட்டியைப் பார்க்கும் காலம் வந்துவிட்டது. அறிக்கையை யார் தேடுவார்கள்?

நியாயமாகச் சொல்ல வேண்டும், அந்த மையப்பட்ட தொலைக்காட்சியிலும் நல்லது நடந்தது. 1988இல் ஷியாம் பெனகல் எடுத்த 'பாரத் ஏக் கோஜ்' 53 பகுதிகள். அதில் சிலப்பதிகாரத்துக்கும் சோழர்களுக்கும் தனிப் பகுதிகள் இருந்தன. சித்தார்த் காக் நடத்திய 'சுரபி' நாட்டின் மூலை முடுக்குகளிலிருந்து கலைகளையும் கைத்தொழில்களையும் கொண்டுவந்தது. 1993இல் அந்த நிகழ்ச்சிக்கு ஒரே வாரத்தில் 14 லட்சம் கடிதங்கள் வந்தன. தாங்க முடியாமல் தபால் துறை போட்டிகளுக்கென்று தனியாக 2 ரூபாய் அஞ்சலட்டையே கொண்டுவந்தது.

அந்த 14 லட்சத்தை நான் வேறு மாதிரி படிக்கிறேன். பரிசுக்காக எழுதியவர்கள் பாதிப்பேர் இருக்கலாம். மீதிப்பேர் தங்கள் ஊர்ப் பெயர் ஒருமுறை அந்தப் பெட்டியிலிருந்து ஒலிக்காதா என்று எழுதியவர்கள். சென்னைத் தொலைக்காட்சியில் 'எதிரொலி' என்று ஒரு நிகழ்ச்சி வரும். நேயர் கடிதங்களைப் படித்து நிலையத்தார் பதில் சொல்வார்கள். எங்கள் பெரியப்பா அதற்கு மாதம் தவறாமல் கார்டு போடுவார். நிகழ்ச்சியைப் பற்றிய கருத்தெல்லாம் சும்மா ஒரு சாக்குதான். கார்டின் கடைசியில் 'கச்சிராயபாளையம், தென்னாற்காடு மாவட்டம்' என்று கொட்டை எழுத்தில் எழுதுவார். அதைப் படிக்க வேண்டும் என்பதுதான் அவர் எதிர்பார்ப்பு. படம் காட்ட வேண்டாம், பெயரையாவது சொல்லுங்கள் என்கிற அளவுக்குத்தான் எங்களுக்கு ஆசை இருந்தது.

பிஜ் என்ற ஊரில்

வேறு மாதிரி செய்திருக்க முடியுமா? இந்தியாவிலேயே செய்து காட்டியிருக்கிறார்கள்.

குஜராத்தில் கேடா மாவட்டம். அங்கே பிஜ் என்ற ஊரில் 1975இல் ஒரு கிலோவாட் ஒளிபரப்பி ஒன்றை வைத்தார்கள். இஸ்ரோவின் அகமதாபாத் மையமும் தூர்தர்ஷனும் சேர்ந்து நடத்திய திட்டம். 443 கிராமங்களில் 607 பொதுத் தொலைக்காட்சிப் பெட்டிகள். பால் கூட்டுறவுச் சங்கங்களுக்குப் பெயர்போன மாவட்டம் என்பதால் பெட்டியைச் சங்கத்துக் கட்டடத்தில் வைப்பதும் பராமரிப்பதும் ஓரளவு சுலபமாக இருந்தது.

வித்தியாசம் நிகழ்ச்சிகளில்தான் இருந்தது. அந்த வட்டாரப் பேச்சுவழக்கிலேயே நாடகம் எழுதினார்கள். உள்ளூர்க்காரர்களே நடித்தார்கள். பவாய் என்கிற அந்த ஊர்க் கூத்து வடிவத்தைப் பயன்படுத்தினார்கள். கூலி, தீண்டாமை, வரதட்சிணை, நிலத்தகராறு என்று ஊருக்குள் பேசத் தயங்கும் விஷயங்கள் கதையாயின. எடுப்பதற்கு முன்னால் கிராமத்தில் உட்கார்ந்து கேட்டார்கள். ஒளிபரப்பிய பிறகும் போய்க் கேட்டார்கள். கிராமப்புறத் தகவல் தொடர்புக்கான யுனெஸ்கோ பரிசு 1984இல் இந்தத் திட்டத்துக்குக் கிடைத்தது. அதே 1984இல்தான் மற்ற ஊர்களில் நாளுக்கொரு கோபுரம் எழும்பிக்கொண்டிருந்தது. பரிசு வாங்கிய முறை ஒரு பக்கம், பரவிய முறை இன்னொரு பக்கம்.

கேடாவையும் கள்ளக்குறிச்சியையும் ஒப்பிட்டால் எனக்கு ஆதங்கம் வருவதற்குக் காரணம், இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான். கூட்டுறவு சங்கம் இங்கேயும் இருந்தது. பஞ்சாயத்து ரேடியோ அறை இங்கேயும் இருந்தது. கூத்து இங்கேயும் இருந்தது. கேடாவில் பவாய் என்றால் இங்கே பாரதக் கூத்து.

கட்டியங்காரனுக்கு அரை மணி நேரம்

கூத்தைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். உள்ளூர் வரலாற்றுக்கும் தொலைக்காட்சிக்கும் இடையில் என்ன தகராறு என்பது இதில்தான் எனக்குப் புரிந்தது.

எங்கள் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. பத்து மணிக்கு மேல் ஆரம்பித்து விடியும்வரை. கடைசி நாள் படுகளம், தீமிதி. கூத்தில் முதலில் வருபவன் கட்டியங்காரன். ராஜா வருவதை அறிவிப்பது அவன் வேலை என்று பெயர். உண்மையில் அவன்தான் அந்த இரவின் செய்தி அறிவிப்பாளன். யார் எவ்வளவு அன்பளிப்பு கொடுத்தார், எந்த ஊரிலிருந்து யார் வந்திருக்கிறார், எந்த ரோடு போட்ட மூணாம் மாசமே பெயர்ந்தது, எந்த அதிகாரி கையை நீட்டினார் எல்லாம் அவன் வாயில் வரும். துரியோதனன் அரசவையில் நின்றுகொண்டு கரும்பு பாக்கித் தொகை எப்போ வரும் என்று கேட்பான். கூட்டம் குலுங்கும். பாரதம் எல்லா ஊருக்கும் பொது. கட்டியங்காரன் பேச்சு அந்த ஊருக்கு மட்டும். பாரதத்தை உள்ளூராக்குவது அவன்தான்.

இப்போது இந்தக் கூத்தை நிலையத்து அரங்குக்குக் கூட்டிப்போய் அரை மணி நேரத்தில் காட்டச் சொன்னால் எதை முதலில் வெட்டுவார்கள்? அதேதான். கட்டியங்காரனை. அன்பளிப்புப் பட்டியல் கலை இல்லை. ரோடு பெயர்ந்த கதை கலை இல்லை. புஜக்கட்டை, கிரீடம், அடவு, திரை விலக்கி வரும் கர்ணன், இவைதான் கலை. பார்ப்பவருக்கும் அழகாக இருக்கும். நாட்டுப்புறக் கலை என்று தலைப்பு போட்டுக் காட்டிவிடலாம். எந்த ஊர்க் கூத்து என்று கேட்டால் எந்த ஊரும் இல்லை. ஊரைக் கழற்றிவிட்டால்தான் அது 'பண்பாடு' ஆகி நிலையத்துக்குள் நுழைய முடிகிறது.

கூவாகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கூத்தாண்டவர் கோயில் சித்திரைத் திருவிழா இன்று நம் மாவட்டத்திலேயே அதிகம் படமெடுக்கப்படும் நிகழ்ச்சியாக இருக்கும். திருநங்கைகள் தாலி கட்டிக்கொள்வதும் மறுநாள் அறுப்பதும் வருஷா வருஷம் எல்லாச் சேனலிலும் வருகிறது. அரவானின் உடல் பாகங்களைச் செய்வது எந்தெந்த ஊர்க்காரர்கள், அந்த முறை எப்படி வந்தது, சுற்றியுள்ள கிராமத்து ஆண்களும் நேர்ந்துகொண்டு தாலி கட்டிக்கொள்கிறார்களே அது ஏன் என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்ட நிகழ்ச்சி எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? விசித்திரம் என்பது வெளியூர்க்காரர் கண். உள்ளூர்க்காரருக்கு அது கடமை, முறை, கணக்கு.

செய்தியில் வந்த மலை

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அந்த வாரம் முழுக்க எந்தச் சேனலைத் திருப்பினாலும் எங்கள் மாவட்டம். கருணாபுரத்தை அடுத்து கேமராக்கள் போன இடம் கல்வராயன் மலை. ஊறல் அழிப்பு, போலீஸ் தேடுதல், டிரோன் காட்சி. மெத்தனால் தொழிற்சாலைச் சரக்கு. மலையில் விளைவதில்லை. இருந்தாலும் பின்னணி இசையோடு அந்த மலையைத் திரும்பத் திரும்பக் காட்டியபோது பார்ப்பவர் மனதில் என்ன பதியும் என்று சொல்லத் தேவையில்லை.

அப்போது ஊருக்குப் போயிருந்தேன். டீக்கடையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. மலையிலிருந்து இறங்கி வந்திருந்த பெரியவர் ஒருவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "எங்க மலைய டிவில காட்டுனா ரெண்டே ரெண்டுதாம்பா. ஒண்ணு சாராயம். இல்லாட்டி அருவி. நாங்க நடுவுல எங்கியோ இருக்கோம்."

அந்த வாரம் நான் கேட்ட ஆகப்பெரிய ஊடக விமர்சனம் அதுதான். 2022 ஜூலையில் கனியாமூரில் ஒரு மாணவியின் மரணத்தை ஒட்டிக் கலவரம் வெடித்தபோதும் இதே போலத்தான். எரியும் பேருந்துகளின் வழியாகத்தான் சின்னசேலம் என்ற பெயரை நாடு கேட்டது.

கருணாபுரத்துக்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. அந்த வழக்குச் செய்திகளில்தான் என் சென்னை நண்பர்கள் பலர் ஜாகீர் என்ற சொல்லையும் 1976 என்ற வருஷத்தையும் முதல்முறை படித்தார்கள். "நெசமாவாடா? 76 வரைக்குமா?" என்று எனக்கு போன் வந்தது. ஒரு மலையின் அடிப்படை வரலாறு அதன் மாநிலத் தலைநகருக்குத் தெரியவர சாவும் நீதிமன்றமும் தேவைப்பட்டன. பொதுத் தொலைக்காட்சி என்று ஒன்று ஐம்பது வருஷமாக இருக்கும் மாநிலத்தில் இது நடந்தது.

தனியார் சேனல்களைக் குறை சொல்லிப் பயனில்லை. விளம்பரத்தில் ஓடுகிறவர்களுக்கு அவசரம் இருக்கும். அவசரம் இல்லாமல் இருப்பதற்காகத்தான் நாம் பொதுத் தொலைக்காட்சியை வைத்திருக்கிறோம். இதை நான் சொல்லவில்லை, சட்டம் சொல்கிறது. 1990இல் நிறைவேறி 1997இல் நடைமுறைக்கு வந்த பிரசார் பாரதி சட்டத்தின் 12ஆவது பிரிவு கடமைகளை வரிசையாகச் சொல்கிறது. வட்டாரங்களின் பல்வேறு பண்பாடுகளுக்கும் மொழிகளுக்கும் போதிய இடம், பின்தங்கிய, தொலைதூரப் பகுதி மக்களுக்குச் சேவை, சிறுபான்மையினர் மற்றும் பழங்குடியினரின் தேவைக்கேற்ற நிகழ்ச்சிகள். கல்வராயன் மலை இந்த மூன்று வரியிலும் வருகிறது.

டேப்பும் பெயர்ச்சீட்டும்

இனி என் தொழில் சம்பந்தப்பட்ட பகுதி. தரவுத்தளங்களோடு மல்லுக்கட்டுவதுதான் எனக்குச் சம்பளம் தரும் வேலை.

காந்த டேப் நிரந்தரமான பொருள் இல்லை. காந்தத் துகள்களைப் பிடித்துவைத்திருக்கும் பசை ஈரப்பதத்தை உறிஞ்சி நாளடைவில் பிசுபிசுக்கும். ஓடவிட்டால் துகள் உரிந்துவரும். தூர்தர்ஷன் காலத்து யூமேட்டிக் டேப்பை ஓட்டும் இயந்திரங்களை இப்போது யாரும் தயாரிப்பதில்லை. பீட்டாகேம் இயந்திரங்களையும் சோனி 2016இல் நிறுத்திவிட்டது. இது போதாதென்று பழைய வழக்கம் ஒன்று உண்டு. டேப் விலை அதிகம் என்பதால் ஒளிபரப்பு முடிந்ததும் அதன்மேலேயே வேறொன்றைப் பதிவார்கள். பிபிசியே இப்படி அழித்ததில் 1960களின் 'டாக்டர் ஹூ' தொடரில் பல பகுதிகள் இன்று அதனிடமே இல்லை. தூர்தர்ஷனும் இதற்கு விலக்கல்ல.

தப்பிப் பிழைத்தவற்றை எண்ணிமமாக்கும் வேலை நடக்கிறது. பிரசார் பாரதியின் ஆவணக்காப்பகம் பழைய நிகழ்ச்சிகளை யூட்யூபில் ஏற்றுகிறது. 2024 நவம்பரில் 'வேவ்ஸ்' என்ற செயலியும் வந்தது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் ஏற்றுவதற்கு எதை முதலில் எடுப்பார்கள்? பெயர் தெரிந்ததை. புகழ்பெற்ற பாடகர், தலைவரின் பேட்டி, மக்கள் கேட்கும் தொடர். களத்துமேட்டுக் காட்சிக்கு யார் ரசிகர்?

அதைவிடப் பெரிய சிக்கல் பெயர்ச்சீட்டு. எங்கள் ஊரையே எடுத்துக்கொள்வோம். என் அப்பா பிறந்தபோது இது தென்னாற்காடு மாவட்டம். 1993இல் விழுப்புரம் மாவட்டம். 2019 நவம்பர் 26 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டம். வீடு ஒரு அடி நகரவில்லை. 1980இல் எடுத்த ஒரு டேப்பின் அட்டையில் 'தெ.ஆ. மாவட்டம், கரும்பு' என்று எழுதியிருந்தால், இன்று கள்ளக்குறிச்சி என்று தேடும் மாணவிக்கு அது கிடைக்குமா? மலையின் பெயரே கல்வராயன், கல்ராயன், கல்ராயன்மலை என்று பல விதம். மேற்கே சேலம் மாவட்டத்துக்குள் போகும் பகுதி வேறு. பொருள் இருந்தும் பெயர்ச்சீட்டு சரியில்லாவிட்டால் அந்தப் பொருள் இல்லாததற்குச் சமம். இதை எங்கள் அலுவலகத்தில் வாரம் ஒருமுறையாவது யாராவது சொல்வார்கள்.

இதைத் தீர்ப்பது ராக்கெட் விஞ்ஞானம் கிடையாது. ஒவ்வொரு பதிவுக்கும் ஊர்ப் பெயரை இன்றைய பெயர், அன்றைய பெயர், அட்சரேகை, தீர்க்கரேகை சகிதம் சேர்த்து, ஒரு வரைபடத்தில் குத்திவிட வேண்டும். தலைப்பு தெரியாத காட்சிகளை அந்தந்த வட்டாரத்து ஆட்களிடம் போட்டுக் காட்டி, இது எந்த ஊர், இது என்ன வேலை, இவர் யார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். எந்தக் கணினியும் அடையாளம் காணாத ஒரு களத்துமேட்டை எங்கள் ஆயா மாதிரி ஒருவர் ஐந்து நொடியில் சொல்லிவிடுவார். பிரான்சில் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி வானொலி, தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை இனா என்ற தேசிய நிறுவனத்தில் ஒப்படைத்துப் பாதுகாக்கிறார்கள். 2006இல் அந்த நிறுவனம் தன் காப்பகத்தைப் பொதுமக்களுக்கு இணையத்தில் திறந்துவிட்டது. நம்மிடம் அத்தகைய சட்டம் இல்லாவிட்டாலும் கருவியும் ஆளும் உண்டு.

யூட்யூப் இருக்கே?

இந்த இடத்தில் ஒரு நியாயமான கேள்வி வரும். இப்போதுதான் எல்லார் கையிலும் கேமரா இருக்கிறதே, தூர்தர்ஷன் எதற்கு? உண்மைதான். எங்கள் பக்கத்துக் கூத்துகளை உள்ளூர் வீடியோக்காரர்கள் விடிய விடிய நேரலையில் ஏற்றுகிறார்கள். கட்டியங்காரன் வெட்டுப்படாமல் முழுசாக வருகிறான். பெங்களூரில் கட்டட வேலைக்குப் போனவர்கள் அங்கிருந்தே பார்த்து அன்பளிப்பு அனுப்புகிறார்கள், பெயரும் வாசிக்கப்படுகிறது. என் பெரியப்பா கார்டு போட்டுக் காத்திருந்தது இன்று நிமிஷத்தில் நடக்கிறது. தூர்தர்ஷன் ஐம்பது வருஷத்தில் செய்யாததை ஒரு போனும் ஒரு ஸ்டாண்டும் செய்திருக்கின்றன.

ஆனால் அந்த வீடியோக்கள் யாரோ ஒரு நிறுவனத்தின் தயவில் இருக்கின்றன. ஒரு பாட்டுக்கு உரிமைப் புகார் வந்தால் ஒரு இரவு முழுக்கக் காணாமல் போகும். கணக்கு முடங்கினால் பத்து வருஷத் திருவிழா போய்விடும். மேலும் யூட்யூபில் ஏறுவது ஏற்கனவே கூட்டம் சேர்ப்பதுதான். கூத்து சேர்க்கும். அருவி சேர்க்கும். 1976க்கு முன்னால் வரி எப்படிக் கட்டினோம் என்று ஒரு கிழவர் மூன்று மணி நேரம் நிறுத்தி நிறுத்திப் பேசுவது சேர்க்காது. கூட்டம் சேர்க்காததைப் பதிவு செய்து, பெயர்ச்சீட்டு ஒட்டி, ஐம்பது வருஷம் கழித்து ஒருவர் கேட்கும்போது எடுத்துக் கொடுப்பதற்குத்தான் பொது அமைப்பு வேண்டும். ஒளிபரப்புகூட இரண்டாம்பட்சம்.

ஒளிபரப்பின் காலமும் மாறிவிட்டது. பழைய தரைவழி ஒளிபரப்பிகளில் பெரும்பாலானவற்றை 2022 மார்ச்சுக்குள் நிறுத்திவிட்டார்கள். 2024 ஜனவரியில் 'பொதிகை' என்ற பெயர் போய் 'டிடி தமிழ்' வந்தது. ஒரு மலையின் பெயரை வைத்திருந்த அலைவரிசை என்பதால் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். பெயர் இருக்கட்டும், வேலை நடந்தால் போதும்.

அந்த வேலை பெரிய செலவு பிடிப்பதும் இல்லை. மாவட்டத்துக்கு ஒரு சின்னக் குழு. இரண்டு கேமரா. வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டு என்று ஊர் ஊராகப் போய் உட்கார்ந்து கேட்க ஒரு வருஷம். கேள்வி கேட்பவர் மலையைச் சேர்ந்த, கல்லூரி படித்த பிள்ளைகளாக இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. யாரை 'நீங்க' என்பது, யாரை மாமா என்பது என்று அவர்களுக்குத் தெரியும். எடுத்ததன் ஒரு பிரதி காப்பகத்துக்கு, ஒரு பிரதி மாவட்ட நூலகத்துக்கு, ஒரு பிரதி மலைப் பள்ளிகளுக்கு. 2019 முதல் பள்ளிக் கல்வித் துறையின் 'கல்வி தொலைக்காட்சி' ஓடுகிறது. அதில் வாரம் அரை மணி நேரம் இதைப் போட்டால் அந்தப் பிள்ளைகள் தங்கள் தாத்தாவைப் பாடமாகப் பார்ப்பார்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவகாசம் இல்லை. ஜாகீர் முடிந்த வருஷத்தில் இருபது வயதில் இருந்தவருக்கு இன்று எழுபது ஆகிறது. வரி கொண்டுபோய்க் கொடுத்தவர்கள், ஜாகீர்தார் வாசலில் நின்றவர்கள், முதல்முறை தாசில்தார் ஜீப் ஏறி வந்ததைப் பார்த்தவர்கள் மலையில் இன்னமும் இருக்கிறார்கள். அவர்கள் பேசத் தயாராகத்தான் இருக்கிறார்கள். டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்தால் நமக்கே சொல்கிறார்கள்.